பசியெடுத்த பற்றரி

மாப்பிள்ளை விசாரிக்கச் சொல்லி வருகிறவர்கள் படியேறும்போதே சிரித்துக்கொண்டு வருவார்கள். பையன் குடிக்கிறவனா, வேறெங்கும் ஏற்கெனவே கட்டியிருக்கிறானா என்று கேட்கத்தான் வருகிறார்கள் என்றாலும், பாதிக் கலியாணச் சந்தோஷம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி வந்தவள் சிரிக்கவில்லை. வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி, மூச்சு வாங்க வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது மாப்பிள்ளைக் கேஸ் இல்ல ராத்தா," என்றாள் சுஹறா, லைலாவின் காதோடு காதாக. "மாப்பிள்ளைக் கேஸுக்கு ஆரும் செருப்பறுத்துக்கிட்டு ஓடி வாறல்ல."

கல்முனை பஸாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சித்தி லைலா என்று கேட்டால் ஓட்டோக்காரனே கொண்டுவந்து விட்டுவிடுவான். சட்டத்தரணி ஒருவரிடம் வருஷக்கணக்காகத் தட்டச்சு அடித்தவள் லைலா. ஊரில் ஆர் ஆருக்கு என்ன பொய் சொன்னார்கள் என்பதையெல்லாம் மும்மூன்று பிரதி எடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், பொய்யைக் கண்டுபிடிக்கிற வேலையை நாமே பார்த்தால் என்ன என்று இறங்கிவிட்டாள். அவளை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற சுஹறா அவளுக்கு வலது கை. முன்னே வீடு வீடாகச் சாறி விற்றவள். எந்த வீட்டு அடுப்படிக்குள்ளும் கேளாமல் நுழைவாள், நுழைந்த பிறகு வாயை மூடமாட்டாள். அந்த வாய்க்குப் பயந்தே பலபேர் உண்மையைச் சொல்லிவிடுவது வழக்கம்.

"இரி தங்கச்சி," என்றாள் லைலா. "தண்ணி குடிச்சிட்டுச் சொல்லு."

வந்தவள் காரைதீவு, பக்கத்துத் தமிழ் ஊர். பெயர் கஜனி. அவள் புருஷன் சாமித்தம்பி, பளீல் ஹாஜியாரின் புடவைக்கடை லொறி ஓட்டுகிறவன். பளீல் ஹாஜியாரைத் தெரியாதவர்கள் கல்முனையில் இல்லை. புடவைக்காகக் கொஞ்சம், அவர் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்து, கடைவாசலில் நின்று கொழும்போடு கதைக்கிற மொபைல் போனுக்காக நிறைய. தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஊரிலே அப்படி ஒரு சாமானை வேறு ஆர் கண்டார்கள்?

"அந்தப் போன் வியாழக்கிழமை காணாமப் போச்சுது அக்கா," என்றாள் கஜனி. "நேத்துக் காலையில பத்தரை மணி மட்டில லொறி கொழும்புக்கு வெளிக்கிடுற நேரம், இவர்ர சீற்றில இருந்து பீப் பீப் எண்டு சத்தம் கேட்டிருக்கு. எல்லாரும் ஓடிவந்து பாத்தா, இவர்ர சோத்துப் பைக்குள்ள போன் கிடக்குதாம். அந்தச் சோறு நான் சமைச்சது. நானே கட்டி, கடைக்குக் கொண்டுபோய், நானே சீற்றில வச்சிட்டு வந்தனான். சத்தியமா அதுக்குள்ள போன் இருக்கல்ல."

"ஹாஜியார் என்ன சொல்றார்?"

"பேசாம நிண்டாராம். சுத்தி நிண்டவங்கதான் கள்ளன் கள்ளன் எண்டு கத்தினதாம். மறுகா அவரும் சொல்லிப்போட்டார், நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுதிட்டுப் பொலிஸில ஒப்படைக்கிறன் எண்டு. அந்த நாளை இண்டைக்குத்தான்." கையிலிருந்த செருப்பை அப்போதுதான் கீழே வைத்தாள் கஜனி. "வெறும் களவு எண்டாப் பரவாயில்ல அக்கா. காரைதீவான் ஒருத்தன்ட பைக்குள்ள இப்பிடி ஒரு சாமான் கிடந்தா, பொலிஸில களவைப் பத்தியா கேப்பாங்க? ஆரோட கதைச்சனீ எண்டுதான் கேப்பாங்க. அதுக்கு இவர் என்ன பதில் சொல்லுவார்?"

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், இயக்கத்தோடு கதைத்தாயா என்ற கேள்விக்குள் மாட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்த கதையும் உண்டு, வராத கதையும் உண்டு. சுஹறாவுக்கே பகிடி வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அதென்ன புதுமை," என்றாள் அவள். "கையோட கள்ளனைப் பிடிச்ச மனிசன் ஒரு நாள் தவணை குடுக்கிறாரா? அவர் சீத்தைத் துணிக்குக் கூட ஒரு நாள் கடன் குடுக்கமாட்டாரே."

"அதை மறந்திராத சுஹறா," என்ற லைலா, கஜனியிடம் திரும்பி, சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் ஒன்றைக் கேட்டாள். "தங்கச்சி, உங்கட வீட்டில கரண்ட் இரிக்கா?"

"இல்ல அக்கா. லைன் இன்னும் இழுக்கல்ல. லாம்புதான்."

"நல்லதாப் போச்சி," என்று எழும்பினாள் லைலா.

ஒரு வீட்டில் கரண்ட் இல்லை என்பதற்குச் சந்தோஷப்பட்ட முதல் மனுசி என்ட ராத்தாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சுஹறா குடையை எடுத்தாள்.

*

பளீல் ஹாஜியாரின் மகள் பஸ்மினாவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. சாறி காட்ட வந்தோம் என்றால் போதும், கலியாண வீட்டில் வாசல் தானாகத் திறக்கும். ஹாஜியாரின் மனைவி சபியா உம்மா இருவரையும் ஹோலுக்குள் கூட்டிப்போய் இருத்தினா.

சுஹறாவின் கண் முதலில் ஷோகேஸில் போய் விழுந்தது. கண்ணாடிப் பூச்சாடிக்கும் மக்கத்துப் படத்துக்கும் நடுவில், ஒரு கறுத்த தொட்டிலில் படுத்த மாதிரி மொபைல் போன் கிடந்தது. தொட்டிலின் அடியில் பச்சை விளக்கொன்று எரிந்தது.

"அல்லாவே! இதுதானே களவு போன சாமான்?" என்று வாயைப் பிளந்தாள் சுஹறா. "பொலிஸுக்குப் போற சாட்சிப் பொருளை ஷோகேஸில வச்சிரிக்கீங்க?"

"ஷோகேஸில வைக்கல்லகா. கரண்ட் ஏறச் சாஜில போட்டிரிக்கார்." சபியா உம்மாவுக்கு இந்த விஷயத்தில் நெடுநாள் எரிச்சல் போலிருந்தது. வாய் திறந்தது, மூடவில்லை. "நேத்து அது கிடைச்சி வீட்டுக்கு வந்தவுடன செஞ்ச முதல் வேலை இதுதான். விடிய ஒருக்கா போடுவார். பகல் சோத்துக்கு வந்தா போடுவார். படுக்கிற நேரமும் போடுவார். அது பாதி கூட இறங்கியிருக்காது, மறுகாவும் போடுவார். ஊரில கரண்ட் போனா, மனிசருக்கு வேர்க்குதே என்டு கவலையில்ல, போன் பட்டினி என்டுதான் கவலை. நான் நாலு புள்ள பெத்து எழும்பின நேரம் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தந்திருப்பாரா?"

"ஆம்புளைக்கு வாய் திறக்காத சாமான்ல தனிப் பாசம் மாமி," என்றாள் சுஹறா. சபியா உம்மா அதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா.

லைலா சாறிப் பொதியை அவிழ்த்தபடி கேட்டாள். "இந்தத் தொட்டில் ஊரில வேற எங்கயும் இரிக்கா?"

"எங்க இரிக்கப் போவுது? கொழும்பில போனோட சேத்துத் தந்தது. நம்மட றேடியோ வயரைக் குத்திப் பாத்தம், பூரல்ல."

"போன் காணாமப் போன வியாழன் ராவு ஆரெல்லாம் வீட்டில?"

"நாங்கதான். மத்தது நிப்றாஸ், இவர்ர தங்கச்சிட பொடியன். கடைக் கணக்கு வழக்கெல்லாம் அவன்தான். இந்த ஹோல்லதான் பாய் போட்டுப் படுப்பான்." சபியா உம்மா குரலைத் தாழ்த்தினா. "பாவம், கொழும்புச் சாமான் எடுக்கிற வேலையைத் தனக்குத் தாங்க என்டு கேட்டுக்கிட்டே இரிக்கான். சாமித்தம்பி நம்பிக்கையானவன், அவன் இரிக்கட்டும் என்டு இவர் குடுக்கல்ல."

சுஹறா மேசைக்கடியில் லைலாவின் காலை மிதித்தாள். லைலா காலை இழுத்துக்கொண்டு, மஞ்சள் சாறியொன்றை விரித்துக் காட்டினாள்.

"என்ன மாமி, கலியாண நாள் குறிச்சாச்சா?"

"ஓம், வெள்ளி ராவு சம்மந்தி வீட்டார் வந்து குறிச்சிட்டுப் போனாங்க. அதிலயும் ஒரு வெக்கம். மாப்பிள்ளை கட்டார்ல. ஹாஜியார்ர மொபைல்ல அவனுக்குக் கோல் எடுத்து, பொம்புளையளெல்லாம் குரல் கேக்கணும் என்டு சம்மந்தி போன கிழமையே சொல்லி வச்சிரிக்கார். இவரும் ஓம் ஓம் என்டு நெஞ்சில தட்டினவர். பாத்தா, அதுக்கு முந்தின நாள் போன் இல்ல! கள்ளன் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

அந்நேரம் உள்ளறைத் திரை விலகியது. வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, தொப்பி, ஊதுபத்தி மணம் எல்லாமாகப் பளீல் ஹாஜியார் வெளியே வந்தார். பெண்கள் இருப்பதைக் கண்டு ஸலாம் சொல்லிப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நேராக ஷோகேஸுக்குப் போய்த் தொட்டிலிலிருந்து போனைத் தூக்கி, சட்டை நுனியால் துடைத்து, இடுப்புப் பட்டியில் செருகினார். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். நேற்றுக் கள்ளனைப் பிடித்த மனிதனின் நடை மாதிரி அது இல்லை. காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் மாதிரி நடந்தார்.

லைலா நிமிர்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து மணித் தேத்தண்ணி அப்போதுதான் வந்தது.

*

"நிப்றாஸ்தான்," என்றாள் சுஹறா, ஓட்டோவில் ஏறியதும் ஏறாததுமாக. "ஹோல்ல படுக்கிறான், சாமித்தம்பிட வேலையில கண் வச்சிரிக்கான். போனை எடுத்துச் சோத்துப் பைக்குள்ள போட்டான். கேஸ் முடிஞ்சி. வாங்க, சோறு திம்பம்."

"அவன்தான் என்டு நீ சொல்லலாம். சாமித்தம்பி இல்ல என்டு எப்படிக் காட்டுவாய்? அஸருக்கு முன்னுக்குக் காட்டோணும்." லைலா சாறிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டாள். "போன் ஏன் பீப் என்டு கத்திச்சி, சொல்லு பாப்பம்?"

"கோல் வந்திரிக்கும்."

"கோல் வந்தா மணியடிக்கும். பீப் என்டு விட்டு விட்டுக் கத்தினா, அதுக்குப் பசி என்டு அர்த்தம். பற்றரி முடியப் போகுது, என்னைச் சாஜில போடு என்டு அழுறது."

லைலாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன வருஷம் கொழும்பில் மொபைல் விற்கிற மாப்பிள்ளை ஒருவனை விசாரிக்கப் போய், வாங்க வந்தவள் போல அவன் கடையில் பாதிப் பகல் குந்தியிருந்தாள். மாப்பிள்ளை சரிவரவில்லை. பற்றரிப் பாடம் மட்டும் மிச்சம்.

"டோர்ச் பற்றரி தெரியுமே," என்றாள் லைலா. "அதுக்குள்ள கரண்டை ஊத்தி வைக்கிறல்ல. ரெண்டு சாமானும் நடுவில ஈர மருந்தும்தான் இரிக்கி. டோர்ச்சை அடிச்சா அந்தச் சாமான் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா வேற சாமானா மாறும். அப்படி மாறுற நேரம்தான் கரண்ட் வெளியில வரும். எல்லாம் மாறி முடிஞ்சா பற்றரி செத்துப் போச்சி, எறிய வேண்டியதுதான்."

"இது எறியிறல்லையே."

"அதுதான் விசயம். இந்தப் பற்றரிக்குள்ள இரிக்கிற சாமான் திரும்பி வரக் கூடியது. ஒரு பக்கம் நிக்கல் என்டு ஒரு உலோகம், மத்தப் பக்கம் கட்மியம் என்டு இன்னொண்டு. போன் பாவிக்கிற நேரம் ரெண்டும் மாறும். தொட்டில்ல வச்சிச் சுவர்க் கரண்டை எதிர்ப் பக்கமாத் தள்ளினா, மாறினதெல்லாம் வந்த வழியே திரும்பிப் பழையபடி ஆகும். எல்லாம் திரும்பி முடிஞ்சா பச்சை லைட். அக்கரைப்பற்றுக்குப் போற பஸ் திரும்பி வந்து ஸ்டாண்டில நிக்கிற மாதிரி."

"டோர்ச் பற்றரி போன பஸ், வராது," என்று சுஹறா தலையாட்டினாள். "என்ட முதல் மாப்பிள்ளை மாதிரி."

ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். லைலா அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் ரோட்டைப் பார்த்தான்.

"இப்ப ரெண்டு சங்கதி கேளு. கொழும்பில போனுக்கென்டு இரும்புக் கோபுரம் நட்டிருக்காங்க, போன் அதோட கதைக்கும். இங்க கோபுரம் இல்ல. அது போனுக்குத் தெரியாதே? எங்க கோபுரம், எங்க கோபுரம் என்டு சத்தம் போட்டுத் தேடிக்கிட்டே இரிக்கும். தேடத் தேடப் பற்றரி குறையும். கொழும்பில ஒரு பகலும் ஒரு ராவும் நிக்கிற போன் இங்க அரைவாசி கூட நிக்காது."

"பொறுங்க ராத்தா. கோபுரம் இல்லாட்டி, ஹாஜியார் கடைவாசல்ல நிண்டு கொழும்போட கதைக்கிறாரே, அது?"

"அதையும் அந்த ஒரு நாள் தவணையோட சேத்து வை," என்றாள் லைலா. "ரெண்டாவது சங்கதி. இந்தச் சாதிப் பற்றரிய நல்லாப் பசிக்க விட்டுத்தான் ஊட்டோணும். பாதியில பாதியில ஊட்டினா, இவ்வளவுதான் நம்மட வயிறு என்டு பழகிடும். ஹாஜியார் அதை ஒரு நாளைக்கு மூணு தரம் ஊட்டி ஊட்டிப் பாழாக்கி வச்சிரிக்கார். ஆகவே அந்தப் போன் வியாழன் களவு போய், சனிக்கிழமை காலையில வந்து பீப் என்டு கத்த ஏலுமா?"

சுஹறாவுக்கு மெல்ல மெல்ல விடிந்தது. "வெள்ளியே செத்திருக்கும்!"

"செத்த போன் கத்தாது. சனிக்கிழமை அது கத்திச்சி. என்டா, அதுக்குக் கொஞ்சம் முந்தி வரைக்கும் தொட்டில்ல இரிந்து வயிறு நிறைய ஊட்டினது. தொட்டில் இரிக்கிறது ஒரே வீட்டில. சாமித்தம்பி வீட்டில லாம்பு."

"சொன்னா நம்புவாங்களா?"

"நம்பமாட்டாங்க. போனே சொல்லட்டும். பச்சை லைட் எரியப் பத்து மணிக்கு எடுத்து இடுப்பில கட்டினார். நீ கண்டாய், நான் கண்டன், பெண்டாட்டியும் கண்டா. எப்ப பீப் என்டு கத்துதோ, அவ்வளவுதான் அதுட வயிறு."

*

பகல் முழுக்க அவர்கள், ஹாஜியார் சோற்றுக்குக் கூட வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே இருப்பதைப் பார்த்தபடி, பஸாரிலேயே சுற்றினார்கள். சுஹறா மூட்டை ஏற்றுகிறவர்களிடம் வாய் கொடுத்து ஒரு சின்னச் செய்தியோடு வந்தாள். ஹாஜியார் கடையில் வேலை செய்கிற அத்தனை பேரும் சோறு கொண்டுபோவது கடை பெயர் போட்ட நீலப் பையில்தான். பெருநாளைக்கு எல்லோருக்கும் கொடுத்த பை. சனிக்கிழமை லொறிச் சீற்றில் அப்படி இரண்டு பை இருந்ததாம். ஒன்று கஜனி வைத்த சோறு. மற்றது கொழும்பில் இருக்கிற ஹாஜியாரின் கூட்டாளிக்கு அனுப்பிய துணி மாதிரிகள்.

அதைக் கேட்டதும் லைலாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டால் சுஹறாவுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். தனக்கு விளங்காத எதுவோ அங்கே விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து கலைந்தபோது கடைவாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. நடுவில் சாமித்தம்பி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றான். ஓடவில்லை, ஒளியவில்லை, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். பக்கத்தில் கஜனி, இன்னும் வெறுங்காலோடு. அவள் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

லைலாவும் சுஹறாவும் கடைக்குப் பின்னாலிருந்த ஹாஜியாரின் அறைக்குள் போனார்கள். ஹாஜியார் கதிரையில் இருந்தார். நிப்றாஸ் வாசலில் நின்றான்.

"மாமா, ஓட்டோ நிக்குது. பொலிஸுக்குப் போவமா?"

"ஒரு நிமிஷம் ஹாஜியார்," என்றாள் லைலா. "பொலிஸுக்குப் போறதுக்கு முந்தி ஒரு சாட்சியைக் கேட்டிட்டுப் போங்க. கத்துற நேரம் கிட்டிட்டுது."

"ஆரு சாட்சி?"

ஆரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் உடனே ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாஜியார் லைலாவைப் பார்த்தார், நிப்றாஸ் மணிக்கூட்டைப் பார்த்தான், சுஹறா ஹாஜியாரின் இடுப்பையே பார்த்துக்கொண்டு மனதுக்குள் ஒரு ஸலவாத்து ஓதினாள். அழு ராசாத்தி, அழு, உனக்குப் பசிக்கல்லியா? வெளியே ஆரோ 'இன்னும் என்ன சுணக்கம்' என்று கத்தினார்கள். ஹாஜியார் பெருமூச்சு விட்டுக் கதிரையிலிருந்து எழும்பினார்.

பீப். பீப்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சுஹறா துள்ளியே விட்டாள்.

"பத்து மணித் தேத்தண்ணிக்கு நிறை வயிறோட எடுத்தீங்க, அஸருக்கு அழுவுது," என்றாள் லைலா. "சனிக்கிழமை இதே அழுகை லொறி வெளிக்கிடுற நேரம் கேட்டிச்சி. அதிலயிருந்து பின்னுக்கு எண்ணிப் பாருங்க. விடியச் சுபஹ் தொழுகை நேரம் வரைக்கும் இந்தப் போன் உங்கட வீட்டுத் தொட்டில்ல இரிந்திரிக்கி. சாமித்தம்பி வீட்டில கரண்டே இல்ல. வியாழக்கிழமை களவு போன சாமான் சனிக்கிழமை விடிய உங்கட வீட்டில எப்படிச் சாப்பிட்டிச்சி?"

"வீட்டுக்குள்ள கள்ளன்!" சுஹறா விரலை நீட்டினாள். "ஹோல்ல படுக்கிற கள்ளன்! நிப்றாஸ், சொல்லு!"

நிப்றாஸ் முகம் சுண்ணாம்பாகிப் போனது. "அல்லாஹ் மேல ஆணையா நான் தொடல்ல ராத்தா."

பீப். பீப். பீப்.

"இந்தச் சத்தம் காதைக் குடையுது," என்றாள் லைலா அமைதியாக. "ஹாஜியார், கொஞ்சம் அணைச்சு விடுங்களேன்."

பளீல் ஹாஜியார் போனைக் கையில் எடுத்தார். ஒரு பொத்தானை அமத்தினார். பீப். இன்னொன்றை அமத்தினார். பீப். மூடியைத் திறந்து மூடினார். கவிழ்த்துப் பார்த்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. அந்தப் பெரிய விரல்கள் ஒவ்வொரு பொத்தானாகத் தடவித் தடவித் திண்டாடுவதைப் பார்க்க சுஹறாவுக்கே பரிதாபமாகிவிட்டது.

"இங்க தாங்க மாமா," என்று நிப்றாஸ் வாங்கினான். மேலேயிருந்த சிவப்புப் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பிடித்தான். சத்தம் நின்றது.

நீட்டிய விரலைச் சுஹறா மெதுவாக மடக்கிக்கொண்டாள். அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது.

"ஓம் சுஹறா," என்றாள் லைலா. "நிப்றாஸ் ஒளிச்சிருந்தா, முதல் வேலையா அணைச்சிருப்பான். கள்ளன் எவனும் அணைச்சிருப்பான். எந்தக் கள்ளனும் சாஜ் போட்டிருக்கமாட்டான். ஊட்டத் தெரிஞ்சு, அணைக்கத் தெரியாத ஆள் இந்த வீட்டில ஒருத்தர்தான். கொழும்போட ராவு பகலாக் கதைக்கிறவருக்கு அணைக்கத் தெரியாதா ஹாஜியார்? ஒருக்காலும் கதைச்சதில்ல என்டாத்தான் தெரியாமப் போகும்."

ஹாஜியார் கதிரையில் பொத்தென்று விழுந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இங்க வந்த பிறகுதான் சொன்னாங்க, கோபுரம் இல்ல, வேலை செய்யாது என்டு," என்றார் மெல்லிய குரலில். "அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிட்டன். சும்மா காதில வச்சிக் கதைச்சன். எல்லாரும் பாத்தாங்க. பாக்கப் பாக்க இன்னும் கதைச்சன். சம்மந்தி வந்து, கட்டாருக்குக் கோல் எடுங்க என்டுட்டார். மகள்ட கலியாணம் புள்ள. மாமனார் பொய்க்காரன் என்டு தெரிஞ்சா அவளை எப்படிப் பாப்பாங்க? காணாமப் போயிட்டு என்டு சொல்லிட்டு அலுமாரிக்குள்ள துணி சுத்தி வச்சன். கலியாணத்துக்கு வீடு துப்பரவு பண்ணுறாங்க, எந்நேரமும் அலுமாரியைத் திறப்பாங்க. கொழும்புக் கூட்டாளிட்ட அனுப்பினா அவன் பத்திரமா வச்சிருப்பான் என்டு, துணி மாதிரிப் பைக்குள்ள போட்டன். அதுதான் என்டு நெனச்சிப் போட்டன். சீற்றில இரிந்த ரெண்டு பையும் ஒரே நீலம், சோத்துப் பைக்குள்ள போயிட்டு."

"வெள்ளி ராவு தொட்டிலை அறைக்குள்ள கொண்டுபோய்ச் சாஜ் போட்டது?" என்று கேட்டாள் லைலா.

"தூரப் பயணம் போவுதே. பட்டினி போட மனம் வரல்ல."

அறையில் ஆரும் சிரிக்கவில்லை. சுஹறாவுக்கும் பகிடி ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"போனைப் பட்டினி போட மனம் வரல்ல," என்றாள். "அந்தா வெறுங்காலோட ஒரு பொம்புளை நிக்கிறா. அவட புருஷனைப் பொலிஸில குடுக்க மட்டும் மனம் வந்திச்சா ஹாஜியார்? அவனை அங்க என்ன கேப்பாங்க என்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." ஹாஜியார் முகத்தைப் பொத்திக்கொண்டார். "கத்தின உடனே சொல்லியிருப்பன். சுத்தி ஆக்கள் நிண்டாங்க. அவங்க கள்ளன் என்டாங்க, நான் வாய் திறக்கல்ல. நேத்து ராவு கண் மூடல்ல. ஒரு நாள் தவணை குடுத்ததே, அவன் ராவோட ராவா எங்கயாவது ஓடிப் போயிடுவான் என்டுதான். அவன் ஓடல்ல. சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கிறான்."

"பொலிஸுக்குப் போறதும் சாமித்தம்பிட்டப் போறதும் ஒரே வாசலாலதான்," என்றாள் லைலா. "எங்க போறதென்டு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் உங்களுக்காக ஒரு சொல்லும் சொல்லமாட்டன்."

ஹாஜியார் தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார். போனை எடுத்து இடுப்பில் செருகப் போனவர், வேண்டாம் என்று மேசையில் வைத்தார். வெறும் இடுப்போடு நடந்து வெளியே போனார்.

கூட்டம் வழிவிட்டது.

"களவு ஒண்டும் நடக்கல்ல," என்றார் ஹாஜியார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று பலமாகத் திரும்பவும் சொன்னார். "போனை அந்தப் பைக்குள்ள போட்டது நான். பை மாறிப் போச்சி. சாமித்தம்பிக்கு ஒண்டும் தெரியாது. அந்தப் போன் இந்த ஊரில வேலை செய்யாது. ஒருநாளும் வேலை செய்யல்ல. நான் கதைச்சதெல்லாம் சும்மா."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சிரிப்பு அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று பரவியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சம்மந்தி வீட்டுக் காதுக்கும் போய்விடும். ஹாஜியார் தலையைத் தூக்கவே இல்லை. அந்தச் சிரிப்புக்குள்ளால் நடந்து போய்ச் சாமித்தம்பிக்கு முன்னால் நின்றார்.

"மாப்புச் செய்யி சாமித்தம்பி. நாளைக்கு லொறி கொழும்புக்குப் போகோணும்."

சாமித்தம்பி மனைவியின் பக்கம் திரும்பினான். சமைத்தவள் அவள், சோறு கட்டியவள் அவள், நேற்றிலிருந்து கள்ளி என்று பேர் எடுத்தவளும் அவள்.

கஜனி அவன் மணிக்கட்டை அப்போதுதான் விட்டாள். பிடித்த இடம் சிவந்து கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாஜியாரை நேராகப் பார்த்தாள்.

"போவார் ஹாஜியார்," என்றாள். "சோறு நான் கட்டித் தருவன். பையை அவர்ர கையிலதான் குடுப்பன். இனி அந்தப் பையில நீங்க கை வைக்கப்படாது."